விலை குறைந்த கேமிங் கணினி: எதைக் குறைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குவது

குறைந்த செலவில் ஒரு கணினியை அசெம்பிள் செய்து, ஓய்வு நேரத்தில் அதில் கொஞ்சம் விளையாடவும் வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்பதைத்தான். அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. எந்த மானிட்டரில் விளையாடப் போகிறீர்கள், என்னென்ன கேம்களை விளையாடுகிறீர்கள் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், வாங்க வேண்டியவற்றில் பாதி அப்போதே முடிவாகிவிடும்.

மானிட்டரை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கிராபிக்ஸ் கார்டின் வேலையளவைத் தீர்மானிப்பதே அதுதான். 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. 2560×1440 திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்துக்கும், இத்தனை பிக்சல்களையும் புதிதாகக் கணக்கிட்டாக வேண்டும், அதுவும் விநாடிக்கு 60 முறை படத்தை மாற்றும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டராக இருந்தால் சுமார் 16.7 மில்லி விநாடிக்குள். ஆகவே செலவைச் சுருக்க நினைப்பவர் 1080பி (1920×1080) திரையோடு நின்றுகொள்வதே சரி. அந்த அளவிலேயே 100 அல்லது 144 ஹெர்ட்ஸ் வேகமும், ஃப்ரேம் வேகத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் போன்ற வசதியும் உள்ள மானிட்டர் கிடைத்தால் அதற்குக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. கணினிக்குள் இருக்கும் பாகங்கள் இரண்டு முறை மாறிய பிறகும் அந்த மானிட்டர் மேசையில் இருக்கும்.

அடுத்தது கேம்கள். மைன்கிராஃப்ட், ஸ்டார்டியூ வேலி, ராக்கெட் லீக், லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ், வேலோரன்ட் ஆகியவை எளிய வன்பொருளிலும் ஓட வேண்டும் என்ற எண்ணத்துடன் உருவாக்கப்பட்டவை, அல்லது இயல்பிலேயே எளியவை. இவற்றை மட்டும் விளையாடுபவருக்குத் தனிக் கிராபிக்ஸ் கார்டே தேவைப்படாமல் போகலாம். கணினிக்கு 2015இல் வந்த ஜிடிஏ 5 போன்ற பழைய பெரிய கேம்களையும் இதே வரிசையின் ஓரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கடந்த சில ஆண்டுகளில் வந்த, பரந்த உலகத்தில் சுற்றித் திரியும் பெரிய கேம்களை விரும்புபவருடைய கதை வேறு. அவர் பட்ஜெட்டின் பெரும்பகுதியைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கித்தான் ஆக வேண்டும். தான் எந்த வகை என்பதில் தன்னையே ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. என்றாவது விளையாடுவோம் என்று வாங்கி வைத்த திறன், விளையாடாமலேயே பழையதாகிவிடுகிறது.

இனி பாகங்களுக்கு வருகிறேன். விலை குறைந்த எந்தப் பாகத்திலும் தயாரிப்பாளர் எங்கோ ஒன்றைக் குறைத்திருக்கிறார். அதில் தவறில்லை, குறைக்காமல் விலையைக் குறைக்க முடியாது. ஆனால் என்ன குறைக்கப்பட்டது என்பது பெட்டியின் முகப்பில் இருக்காது. விவரப் பட்டியலின் அடியில், பலர் படிக்காத வரிகளில் இருக்கும். அந்தக் குறைப்பு நம் பயன்பாட்டைத் தொடுமா, தொடாதா என்று பார்ப்பதுதான் குறைந்த விலையில் வாங்குபவரின் உண்மையான வேலை.

தனிக் கார்டு இல்லாத வழியை முதலில் பார்க்கலாம். ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி 2021இல் வந்தது. ஆறு கோர்களும் வேகா 7 என்ற கிராபிக்ஸும் ஒரே சிப்பில் இருக்கின்றன. மேலே சொன்ன எளிய கேம்களுக்கு 1080பியில் அமைப்புகளைச் சற்றுத் தாழ்த்தி வைத்தால் இது போதும். இங்கே கவனிக்க வேண்டியது பிராசசரைவிட ரேமைத்தான். சிப்புக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் ரேமையே பகிர்ந்துகொள்கிறது. டிடிஆர்4-3200 ரேம் ஒரு சேனலில் (தரவுப் பாதையில்) விநாடிக்கு 25.6 ஜிகாபைட் வரை தரவைக் கொண்டுசெல்லும். இரண்டு சேனல்களும் வேலை செய்தால் 51.2. ஒப்பிட்டுப் பார்க்க, ரேடியான் ஆர்எக்ஸ் 6600 என்ற சாதாரணத் தனிக் கார்டு தன் நினைவகத்துடன் விநாடிக்கு 224 ஜிகாபைட் வேகத்தில் பேசுகிறது. ஏற்கெனவே நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான பாதை. அதையும், ஒரு சேனலை மட்டுமே பயன்படுத்தும் 16 ஜிபி ஒற்றை ஸ்டிக் போட்டுப் பாதியாக்கினால் கிராபிக்ஸ் மூச்சுத் திணறும். எனவே இந்த வழியில் போகிறவர் 8 ஜிபி ஸ்டிக்குகள் இரண்டாக வாங்கி, மதர்போர்டு கையேடு சொல்லும் ஸ்லாட்டுகளில் பொருத்த வேண்டும். பிறகு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒற்றை ஸ்டிக் வாங்கச் சொல்லும் விற்பனையாளரின் அறிவுரையை இந்த ஓர் இடத்தில் கேட்கவே கூடாது.

ரேமைப் பற்றி இன்னொன்று. 3200 என்று எழுதியிருக்கும் ரேமைப் பொருத்தியதும் அது 3200 வேகத்தில் ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பல ஸ்டிக்குகள் 2133, 2400, 2666 போன்ற அடிப்படை வேகங்களில்தான் தொடங்கும். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை, சில போர்டுகளில் டிஓசிபி அல்லது எக்ஸ்போ என்று இருக்கும், இயக்கினால்தான் எழுதியிருக்கும் வேகம் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாமலே இருப்பவர்கள் ஏராளம்.

ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட்டில் (பிராசசர் பொருந்தும் இடம்) 2024இல் வந்த ரைசன் 5 8600ஜி இதே யோசனையின் வலுவான வடிவம். அதிலுள்ள ரேடியான் 760எம் வேகாவைவிட நன்றாகவே முந்துகிறது. ஆனால் அந்த சாக்கெட் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும் என்பதால் போர்டு, ரேம் ஆகியவற்றின் விலையும் ஏறிவிடுகிறது. அந்த மொத்தச் செலவில், பழைய சாக்கெட்டில் ஓர் எளிய பிராசசரும் ஒரு தனிக் கார்டும் வாங்க முடிந்தால், விளையாட்டுக்கு இரண்டாவதுதான் மேல். கணினி மிகச் சிறியதாகவோ ஓசையின்றியோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளவர்களுக்கு மட்டுமே முதலாவதைச் சொல்வேன்.

இப்போதைக்கு 5600ஜி, பின்னால் பணம் சேர்ந்ததும் கார்டு என்று திட்டமிடுபவர்கள் பலர். நியாயமான திட்டம்தான், ஆனாலும் 5600ஜியில் எது குறைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். ரைசன் 5 5600இல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள வேகமான சிறு நினைவகம்) இருக்கிறது. 5600ஜியில் 16 எம்பிதான். கார்டுடன் தரவு பரிமாறும் பாதையான பிசிஐஇயில் 5600 4.0 தலைமுறையைப் பேசும், 5600ஜி 3.0தான் பேசும். ரைசன் 5 5500இன் பெயரைப் பார்த்தால் 5600க்கு ஒரு படி கீழே என்று மட்டும் தோன்றும். உண்மையில் அது 5600ஜியின் சிப்பில் கிராபிக்ஸை முடக்கி விற்கப்படுவது, ஆகவே அந்த இரண்டு குறைகளும் அதற்கும் உண்டு. கேஷ் குறைந்தால் வினாடிக்கு நூற்றுக்கு மேல் ஃப்ரேம்கள் எதிர்பார்க்கும் போட்டி கேம்களில் வித்தியாசம் தெரியும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்காரருக்குப் பெரும்பாலும் தெரியாது. பிசிஐஇ விஷயம் எப்போது கடிக்கும் என்பதைக் கார்டுகளுக்கு வரும்போது சொல்கிறேன்.

இன்டெல் பக்கத்தில் 2022இல் வந்த கோர் ஐ3-12100எஃப் நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலைத் தொடர்) கொண்டது. ஐ5-12400எஃப் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். சாதாரண விளையாட்டுக்கு முன்னது போதும். பின்னணியில் உலாவி, பேச்சுச் செயலி எல்லாம் திறந்தே வைத்திருப்பவருக்குப் பின்னது நிம்மதி. பெயரின் கடைசியில் உள்ள எஃப் எழுத்து, உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பதைக் குறிக்கிறது. விலையில் சிறிய சேமிப்பு. ஆனால் கார்டு பழுதாகும் நாளில் திரையில் எதுவும் வராது, பழுது கார்டிலா போர்டிலா என்று சோதிக்கவும் வழியிருக்காது. ஒரே கணினியில்தான் படிப்பும் வேலையும் என்றால், எஃப் இல்லாத வடிவத்துக்குக் கூடக் கொடுப்பதை வீண் என்று சொல்லமாட்டேன்.

தனிக் கிராபிக்ஸ் கார்டுகளில்தான் பெயரின் விளையாட்டு உச்சத்துக்குப் போகிறது. ஜிடி 1030 என்ற கார்டு 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்துடன் வந்தது. அதன் நினைவக வேகம் விநாடிக்கு 48 ஜிகாபைட். மறு ஆண்டு அதே பெயரில் சாதாரண டிடிஆர்4 நினைவகத்துடன் இன்னொரு வடிவம் வந்தது; அதன் வேகம் ஏறத்தாழ 17 ஜிகாபைட்தான். பெட்டியில் பெயர் ஒன்றே. ஆர்டிஎக்ஸ் 3050 கதையும் இதேதான்: 2022இல் வந்தது 8 ஜிபி நினைவகமும் அதற்கான 128 பிட் தரவுப் பாதையும் கொண்டது, 2024இல் வந்த 6 ஜிபி வடிவத்தில் பாதை 96 பிட்டாகச் சுருங்கியதோடு, உள்ளே இருக்கும் கணக்கீட்டு கோர்களும் 2560இலிருந்து 2304 ஆகக் குறைந்தன. நினைவகம் 2 ஜிபி குறைவு, அவ்வளவுதான் என்று நினைத்து வாங்குபவர் மற்ற இரண்டையும் கவனிப்பதில்லை. இந்தப் பெயரிடும் வழக்கம் எனக்கு எரிச்சலூட்டுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. இருந்தாலும் அந்த 6 ஜிபி கார்டுக்கு ஒரு தனிப் பயன் உண்டு. அது 70 வாட்டில் அடங்கிவிடுவதால், பவர் சப்ளையிலிருந்து தனிக் கேபிள் தேவைப்படாத வடிவங்களில் கிடைக்கிறது. பழைய அலுவலகக் கணினி ஒன்றை விளையாட்டுக்குத் தயார்செய்ய நினைப்பவருக்கு அதைவிடப் பொருத்தமானது எளிதில் அமையாது.

ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னும் நுட்பமான பாடம். 2022இல் 4 ஜிபி நினைவகத்துடன் வந்த இந்தக் கார்டு, மதர்போர்டுடன் நான்கே பிசிஐஇ லேன்கள் (தரவுத் தடங்கள்) வழியாகத்தான் பேசுகிறது. கேமுக்கு 4 ஜிபிக்கு மேல் தேவைப்படும்போது மிச்சமுள்ள தரவு கணினியின் ரேமிலிருந்து இந்த லேன்கள் வழியாகத்தான் வந்துபோக வேண்டும். பிசிஐஇ 4.0 போர்டில் அது ஓரளவு தாங்கும், 3.0 போர்டில் பாதை பாதியாகி, சில கேம்களில் திக்கித் திக்கி ஓடும். 5600ஜி வைத்திருப்பவர் விலையைப் பார்த்து இந்தக் கார்டை வாங்கினால், தனித்தனியே பொறுத்துக்கொள்ளக்கூடிய இரண்டு குறைப்புகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. விளையாட்டைப் பதிவுசெய்ய உதவும் வீடியோ என்கோடரும் அந்தக் கார்டில் கிடையாது.

இன்றைக்கும் குறைந்த செலவுக்கு எனக்குப் பிடித்த அளவுகோல் 2021இல் வந்த ஆர்எக்ஸ் 6600தான். 8 ஜிபி நினைவகம், எட்டு லேன்கள், 132 வாட் மின்தேவை. 1080பியில் பெரும்பாலான கேம்களை நடுத்தர, உயர் அமைப்புகளில் ஓட்டும். வேறு எந்தக் கார்டு குறைந்த விலையில் கண்ணில் பட்டாலும், அது 6600ஐவிட வேகமா, நினைவகம் 8 ஜிபிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே யோசிப்பேன். இன்டெலின் ஆர்க் பி580 12 ஜிபி நினைவகத்துடன் 2024 இறுதியில் வந்து நல்ல பெயர் வாங்கியது. ஆனால் ஆர்க் கார்டுகளுக்கு கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் இயங்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் கணிசமாகக் குறையும். எளிய, பழைய பிராசசர்களுடன் சேரும்போது பி580 பின்தங்குவதும் அது வெளிவந்த சில வாரங்களிலேயே தெரியவந்தது. செலவைச் சுருக்குபவரிடம் இருக்கக்கூடியதோ அத்தகைய பிராசசர்தான்.

மதர்போர்டில் அதிகம் செலவழிக்க வேண்டாம். 65 வாட் பிராசசருக்கு, ஏஎம்டியானால் ஏ520, பி450, பி550, இன்டெலானால் எச்610 என எந்தச் சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) கொண்ட போர்டானாலும் போதும். ஏ520க்கும் பி450க்கும் பிசிஐஇ 3.0 மட்டுமே உண்டு என்பதை மேலே சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். பழைய இருப்பிலிருந்து வரும் பி450 போர்டில் பயாஸ் புதுப்பிக்கப்படாமல் இருந்தால் 5000 வரிசைப் பிராசசரை அது அடையாளம் காணாது; வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. இன்டெல் போர்டுகளில் ஒரே சிப்செட்டுக்கு டிடிஆர்4, டிடிஆர்5 என இரு வடிவங்கள் இருக்கின்றன. ஒன்றின் ரேம் மற்றதில் நுழையாது.

சேமிப்பகத்துக்கு எஸ்எஸ்டி என்பதில் இனி விவாதம் இல்லை. சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி அளவிலும், பிசிஐஇ 3.0 வழியே இயங்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி 3500 எம்பி அளவிலும் படிக்கும் என்றாலும், கேம் திறக்கும் நேரத்தில் இந்த ஆறு மடங்கு வித்தியாசம் அப்படியே தெரிவதில்லை. ஹார்ட் டிஸ்கிலிருந்து இரண்டில் எதற்கு மாறினாலும்தான் பெரிய மாற்றம். எனவே வேகத்தைத் துரத்துவதைவிடக் கொள்ளளவைப் பாருங்கள். 100 ஜிபியைத் தாண்டும் கேம்கள் சாதாரணமாகிவிட்ட நிலையில் 500 ஜிபி சீக்கிரமே நிரம்பிவிடும். விலை மிகக் குறைந்த டிரைவ்களில் க்யூஎல்சி வகை நினைவகம் இருக்கும். தற்காலிக இடம் நிரம்பும் வரை வேகமாக எழுதி, பிறகு ஹார்ட் டிஸ்கைவிடவும் மெதுவாகிவிடக்கூடும். கேமை ஒருமுறை நிறுவிப் பலமுறை படிப்பவருக்கு அது பெரிதாக உறைக்காது. பெரிய வீடியோக் கோப்புகளை அடிக்கடி நகர்த்துபவருக்கு உறைக்கும்.

எந்தக் குறைப்பையும் நான் ஏற்காத ஒரே பாகம் பவர் சப்ளை. எல்லாப் பாகங்களுக்கும் அன்னம் ஊட்டுவது அதுதான். அது கெட்டுப்போகும்போது தனியாகக் கெடாமல் பிறவற்றையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும். பெயர் தெரியாத 600 வாட் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள்: 12 வோல்ட் வரியில் 25 ஆம்பியர் என்று இருந்தால், பிராசசருக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது 300 வாட்தான். மீதி இன்றைய கணினிகள் அதிகம் பயன்படுத்தாத 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிகளின் கணக்கு. 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. ப்ரான்ஸ் என்றால் பாதிச் சுமையில் குறைந்தது 85 சதவீதத் திறன். உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களின் தரத்தையோ, மின்னழுத்தம் எகிறும்போது தன்னை அணைத்துக்கொள்ளும் பாதுகாப்புகளையோ அது உறுதிசெய்வதில்லை. 5600உம் 6600உம் சேர்ந்த கணினி முழுச் சுமையிலும் 300 வாட்டைத் தொடுவது அரிது. ஆகவே நல்ல தயாரிப்பாளரின் 450 அல்லது 550 வாட் போதும், வாட் எண்ணிக்கையை ஏற்றுவதற்காகத் தரத்தில் இறங்க வேண்டியதில்லை. பழைய சப்ளையின் கழற்றக்கூடிய கேபிள்களைப் புதியதில் செருகவே கூடாது. செருகி ஒன்றுபோல இருந்தாலும், சப்ளை பக்கத்து கம்பிகளின் வரிசை மாறியிருந்தால் இணைத்த பாகம் எரிந்துபோகும்.

கேபினட்டில் முன்பக்கம் காற்று நுழைய இடமும், முன்னால் ஒரு விசிறியும் பின்னால் ஒரு விசிறியும் இருந்தால் போதும். முகப்பு முழுவதும் கண்ணாடியால் மூடிய அழகுப் பெட்டிகள் வெப்பத்தை உள்ளேயே வைத்துக்கொள்கின்றன. 5600உடன் வரும் கூலரே அதற்குப் போதுமானது.

பயன்படுத்திய பாகங்கள் பற்றி: பிராசசரும் ரேமும் பெரும்பாலும் பயமின்றி வாங்கக்கூடியவை. கிராபிக்ஸ் கார்டை, ஒரு கனமான கேமையோ சோதனை நிரலையோ அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, விசிறி உறுமுகிறதா, திரையில் கோடுகளோ புள்ளிகளோ வருகின்றனவா என்று கவனித்த பிறகே வாங்க வேண்டும். பவர் சப்ளையைப் பழையதாக வாங்கவே வேண்டாம். பழைய அலுவலகக் கணினிகள் விலைக்குக் கவர்ச்சியானவைதான். ஆனால் பலவற்றில் மின் இணைப்பும் போர்டின் வடிவமும் அந்தத் தயாரிப்பாளருக்கே உரியவை, சிறிய கேபினட்டில் முழு உயரக் கார்டு நுழையாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. விண்டோஸ் 11இல் வேலோரன்ட் விளையாட டிபிஎம்முடன் செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பும் இயங்க வேண்டும். ஏழாம் தலைமுறைப் பிராசசர் கொண்ட பெட்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் இதை யோசித்துவிட்டே கைவைக்க வேண்டும்.

அசெம்பிள் செய்து முடித்த அன்றே, கடையில் மாற்றிக்கொள்ளும் அவகாசம் இருக்கும்போதே, சிலவற்றைச் சரிபார்த்துவிடுங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டின் துளையில் அல்லாமல் கார்டின் துளையில் செருகப்பட்டிருக்கிறதா என்பது முதலாவது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் தானாக 60இல் வைத்திருக்கலாம். திரை அமைப்புகளில் மாற்ற வேண்டும். ஜிபியு-இசட் என்ற இலவச நிரலைத் திறந்தால் கார்டின் நினைவக வகை, பாதையின் பிட் அகலம், எத்தனை லேன்களில் எந்தத் தலைமுறை பிசிஐஇயில் ஓடுகிறது ஆகிய அனைத்தும் ஒரே சாளரத்தில் தெரியும். சிபியு-இசட் ரேமின் சேனல் எண்ணிக்கையையும் வேகத்தையும் காட்டும். அங்கே தெரியும் ரேம் வேகம், எழுதியிருப்பதில் பாதியாகத்தான் இருக்கும்; டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்புவதால் 1600 என்று காட்டினால் அது 3200தான், அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.